மலையில் ஓடும் குடும்ப வேன்: கிளட்ச், கியர்பாக்ஸ், இன்ஜின் சீக்கிரம் போவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் தெருவில் மட்டும் பதினோரு ஏழு சீட்டு வண்டிகள் நிற்கின்றன. அதில் நான்கு, 60,000 கி.மீ. ஓடுவதற்குள் ஏதோ ஒரு பெரிய வேலைக்காகக் கோயம்புத்தூர் போய்க் கிடந்துவிட்டு வந்தவை. என்னுடையதும் அதில் ஒன்று. நான் மெக்கானிக் இல்லை. தேயிலை ஃபாக்டரியில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் பில்லையும் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருந்து, வாரன்டியில் கியர்பாக்ஸ் வேலையைச் செய்ய வைத்துவிட்டேன். அதிலிருந்து வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

மலையில் ஓட்டினால் வண்டி சீக்கிரம் போகத்தானே செய்யும்? இதில் புகார் சொல்ல என்ன இருக்கிறது?

ஷோரூமில் விற்கும்போது யாரும் இப்படிச் சொல்வதில்லை. பழுதாகி உள்ளே போனபிறகுதான் "மலை சார், அப்படித்தான்" என்பார்கள்.

மலை கடினம்தான், அதை மறுக்கவில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஐம்பது கி.மீ. சொச்சத்தில் 1,900 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ரயிலுக்கே நடுவில் பல் தண்டவாளம் போட்டு, இன்ஜினைப் பின்னால் நிறுத்தித் தள்ளித்தான் ஏற்றுகிறார்கள். போதாததற்கு ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற சாதனம்) இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு இழுக்கிற சக்தியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஏழு பேர், மேலே கேரியரில் மூட்டை, ஏசி வேறு. வண்டி திணறாமல் என்ன செய்யும்?

ஆனால் திணறுவது வேறு, உடைவது வேறு. 796 சி.சி. ஆம்னியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இருபது வருடம் இந்த மலையில் ஓடியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்: கிளட்ச் சீக்கிரம் போனால் பெரும்பாலும் நம் கால்தான் காரணம். கியர்பாக்ஸும் இன்ஜினும் சீக்கிரம் போனால் அப்படி இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசித்தான் சர்வீஸ் சென்டர்காரர்கள் நழுவுகிறார்கள்.

25,000 கி.மீ.யில் கிளட்ச் பிளேட் போய்விட்டது. இது கம்பெனி தப்பா, என் தப்பா?

வருத்தம்தான், ஆனாலும் சொல்கிறேன். பெரும்பாலும் உங்களுடையது. இல்லாவிட்டால் வீட்டில் வண்டியை எடுக்கிற இன்னொருவருடையது.

சீசன் நேரத்தில் கல்லாறு செக்போஸ்டில் இ-பாஸ் பார்க்கிற வரிசையில் நின்று பாருங்கள். முன்வண்டி இரண்டடி நகரும், நாமும் இரண்டடி நகர்வோம், பிறகு நிற்போம். நிற்கும்போது பிரேக்கில் கால் வைக்காமல், கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை ஏற்றத்தில் அப்படியே தொங்க விடுகிறோமே, அதுதான் பிளேட்டைத் தின்கிறது. அந்த நேரத்தில் பிளேட் ஒரு வேகத்திலும், இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீல் இன்னொரு வேகத்திலும் சுற்றி ஒன்றையொன்று தேய்க்கின்றன. அரை மணி நேரம் இப்படிப் போனால் கருகிய வாடை வரும். வாடை வந்தது என்றால் பிளேட்டின் ஆயுளில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். முன்வண்டி ஐந்தாறு அடி நகர்ந்தபிறகு ஒரே தடவையாக எடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவன் உங்கள் கிளட்சுக்குக் காசு தரமாட்டான்.

கால் தப்பு இல்லாத இடமும் உண்டு. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒன்றிரண்டு உடைந்திருந்தாலோ, பெடலை மிதித்தால் அந்த விரல்களைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் கத்திக்கொண்டே இருந்தாலோ, பிளேட் தேயாமல் அதன் ஸ்பிரிங் கழன்று விழுந்திருந்தாலோ, அல்லது ஆயில் சீல் கசிந்து பிளேட் எண்ணெயில் ஊறியிருந்தாலோ, அது ஓட்டுகிற முறையால் வந்தது அல்ல. அதனால் பழைய கிளட்ச் செட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளேட் சமமாகத் தேய்ந்து ரிவெட் தெரிகிறதா, பேசாமல் காசைக் கட்டிவிடுங்கள். வேறு மாதிரி இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பியுங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று அப்பா இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்கிறார்.

கார்புரேட்டர் வண்டி ஓட்டிய தலைமுறையின் பழக்கம் அது. இப்போது வருகிற, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்கு எண்ணெய் செலவாகும். மிச்சமாவது போகட்டும், நியூட்ரலில் மொத்த பாரத்தையும் பிரேக் தாங்க வேண்டும். குன்னூருக்குக் கீழே மரப்பாலம் என்ற இடம் வருவதற்குள் பிரேக் டிரம் சூடேறிப் பெடல் பிடிக்காமல் போகும். சாவியையும் அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டரும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஏறின கியரில் இறங்குங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறினால் மைலேஜ் நன்றாக வருகிறதே?

வரும், கொஞ்ச நாளைக்கு. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவதுக்கு இறக்காமல் மூன்றாவதிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி நடுங்கி, உள்ளே கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு நாக்கிங் என்று பெயர். பிஸ்டனும் பேரிங்கும் அடி வாங்குகின்றன. மெதுவாகச் சுற்றும்போது ஆயில் அழுத்தமும் குறைவு, வாட்டர் பம்ப் தள்ளுகிற தண்ணீரும் குறைவு. இன்ஜின் கொஞ்சம் கத்தட்டும். கத்துவது அதற்கு வலிப்பதால் இல்லை.

கியர்பாக்ஸ் போகப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இதற்குப் பதில் அதில் இருக்கிறது.

2021 மார்ச்சில் வாங்கிய ஏழு சீட்டு பெட்ரோல் வண்டி. வாரன்டி மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ. முதல் இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. அப்புறம் காலையில் முதல் பத்து நிமிடம் இரண்டாவது கியர் விழ மறுத்தது. மார்கழிக் குளிரில் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், அது சகஜம் என்று விட்டுவிட்டேன். அந்த அளவில் அது சகஜம்தான். ஆனால் வண்டி சூடேறியபிறகும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கர்' என்று பல் கடித்தது. அதை நான் விட்டிருக்கக்கூடாது.

2023 டிசம்பரில், 38,000 கி.மீ.யில், மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில், மூன்றாவதில் இருந்த கியர் தடி என் கை படாமலே துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டி லேசாகி ஓட ஆரம்பித்தது. முன் சீட்டில் இருந்த அம்மா, "என்னடா, சத்தம் நின்னுபோச்சு?" என்றார். பிரேக் அடித்து, இரண்டாவதில் போட்டு, அடிவாரம் வரை தடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறக்கினேன். கல்யாணத்தில் என்ன சாப்பிட்டேன் என்பதே நினைவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். பார்த்துவிட்டு, கிளட்ச் தேய்ந்துவிட்டது, ஓட்டுகிற முறை சரியில்லை என்றார்கள். கிளட்ச் தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது என்று மாற்றிப் பில் போட்டார்கள். நானும் கட்டினேன். பிப்ரவரியில் அரவேனுவுக்குக் கீழே அதே மூன்றாவது கியர் மறுபடியும் கழன்றது.

இந்தத் தடவை கோத்தகிரியிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "அண்ணா, கிளட்ச் தேஞ்சா இன்ஜின் உறுமும், வண்டி ஏறாது. கியர் எதுக்கண்ணா கழலும்?" கியர் ஆயிலை ஒரு எவர்சில்வர் தட்டில் வடித்து வெயிலில் காட்டினார். கறுத்த எண்ணெயில் பொடிப்பொடியாகத் தங்க மினுமினுப்பு. கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்கிற பித்தளை வளையம் அரைபட்டு வந்த தூள் அது. ஆயில் வடிக்கிற நட்டில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசையோடு இரண்டு இரும்புச் சில்லும் ஒட்டியிருந்தன. பசை மட்டும் இருந்தால் பயமில்லை, எந்த கியர்பாக்ஸிலும் அது இருக்கும். சில்லு வந்தால்தான் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது என்று அர்த்தம். ஆயிலில் கொஞ்சத்தைப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, போட்டோ எடுத்து வைத்தேன்.

ஆக, வரிசை இதுதான்: சூடான பிறகும் பல் கடிப்பது, இறக்கத்தில் கியர் கழல்வது, கியர் போட்டால் மட்டும் கேட்கிற ஊளைச் சத்தம், ஆயிலில் பித்தளைத் தூள். முதல் அறிகுறியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், நான்காவது வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று: ஓட்டும்போது கையை கியர் தடியின் மேலேயே வைத்திருப்பது பலருக்குப் பழக்கம். அந்த பாரம், உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க்கைத் தேய்க்கும். கையை எடுத்துவிடுங்கள். அதை வைத்து உங்கள் மேல் பழி போட வழி இருக்கக்கூடாது.

அப்புறம் அந்த கியர்பாக்ஸ் என்ன ஆனது?

வாரன்டி முடிய மூன்று வாரம் இருக்கும்போது பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம், போட்டோக்களுடன். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒன்று, சர்வீஸ் சென்டருக்கு ஒன்று. ஐந்து வாரம் கழித்துக் கூப்பிட்டு கியர்பாக்ஸைப் பிரித்தார்கள். மூன்றாவது கியரின் வளையமும் ஒரு பேரிங்கும் போயிருந்தன. இலவசமாக மாற்றித் தந்தார்கள். அதற்குள் வாரன்டி தேதி தாண்டிவிட்டது. ஆனாலும் டிசம்பரில் வண்டியை விட்டபோது குறைகளை எழுதிய ஜாப் கார்டில் குறை ஏறியிருந்ததால் அவர்களால் மறுக்க முடியவில்லை. தேவையில்லாமல் மாற்றிய கிளட்சின் காசு மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அந்த ஜாப் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. கவுன்ட்டரில் இருந்த பையன் முதலில் "கியர் ஹார்டு" என்று எழுதினான். நான் விடாமல், "மூன்றாவது கியர் இறக்கத்தில் தானாகக் கழல்கிறது" என்று எழுத வைத்தேன். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது. கசிவு எங்கும் இல்லை. மெக்கானிக், ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார்.

இருக்கலாம். ஆனால் பத்தாயிரக்கணக்கில் செலவு செய்யும் முன், சில நூறு ரூபாய்ப் பொருள் ஒன்றைப் பாருங்கள்: ரேடியேட்டர் மூடி.

ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கோத்தகிரியில் 94. வண்டியிலும் அதே கதைதான். ரேடியேட்டர் மூடி என்பது குக்கர் வெயிட் மாதிரி. 0.9 அல்லது 1.1 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், அந்த அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும். அப்போது ரேடியேட்டரில் இருக்கிற கூலன்ட் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. பல வண்டிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே 95 டிகிரியை ஒட்டித்தான். அதாவது ஃபேன் சுற்றும் முன்பே தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். சமவெளியில் இதே மூடியோடு ஒரு வருடம் ஓட்டினாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். மலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

மூடி சரியாக இருந்தும் குறைகிறதா? காலையில் குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை வண்டி சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வந்தாலோ, ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தாலோ, மெக்கானிக் சொன்னது சரி. ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் புது கேஸ்கட் போடாதீர்கள். வளைந்த ஹெட்டில் போட்ட கேஸ்கட் அடுத்த சீசன் தாங்காது.

வழியில் இன்ஜின் சூடு காட்டுகிற மீட்டர் முள் மேலே ஏறிவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், உள்ளே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வேர்க்கும், பரவாயில்லை. ஆவி வந்துவிட்டால் நிறுத்தி அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பர்லியாறில் நிற்க வேண்டியிருந்தால் மங்குஸ்தான் வாங்கிச் சாப்பிடுங்கள். ஓரத்து அருவித் தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றுவதைத்தான் செய்யக்கூடாது. கொதிக்கிற இரும்பில் பனித்தண்ணீர் பட்டால் ஹெட்டில் கீறல் விழும்.

ஆயில் ஊற்றுகிற மூடியின் அடியில் காபி நுரை மாதிரி இருக்கிறது. இன்ஜின் போச்சா?

பெரும்பாலும் இல்லை. பயமுறுத்திக் காசு பறிக்க வாகான விஷயம் இது. குளிரில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு என்று இரண்டு இரண்டு கி.மீ. ஓட்டினால் இன்ஜின் முழுதாகச் சூடேறாது. உள்ளே படிகிற ஈரம் ஆயிலோடு கலந்து மூடியில் நுரையாகத் தங்கும். துடைத்துவிட்டு, ஒரு நாள் மேட்டுப்பாளையம் வரை போய் வந்து மறுபடி பாருங்கள். நுரை இல்லாமல், டிப் ஸ்டிக்கும் சுத்தமாக, கூலன்ட்டும் குறையாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆயிலை மட்டும் சீக்கிரம் மாற்றுங்கள்.

டீசல் வண்டி. ஆயில் குறைவதற்குப் பதில் கூடுகிறது. இது நல்லதுதானே?

இல்லை! உடனே பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. அது நிறைந்ததும் கூடுதல் டீசலை அனுப்பிக் கரியை எரித்துக்கொள்ளும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஊட்டி சேரிங்கிராஸ் நெரிசலில் அது எங்கே நடக்கும்? எரிப்பு பாதியில் நின்று நின்று, எரியாத டீசல் ஆயிலுக்குள் இறங்குகிறது. ஆயில் நீர்த்துவிட்டால் பேரிங்கும் டர்போவும் காய்ந்துபோகும். தினமும் ஐந்து கி.மீ. ஓட்டத்துக்கு இங்கே டீசல் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. வாங்கியாகிவிட்டது என்றால், அந்த ஃபில்டருக்கான விளக்கு எரியும்போது வண்டியை அணைக்காமல் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதா?

எந்த ஆட்டோமேட்டிக் என்பதைப் பொறுத்தது. ஏஎம்டி என்று விற்பதில் கிளட்ச் பெடல்தான் இல்லை, கிளட்ச் இருக்கிறது, அதே பிளேட்தான். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரால் நிறுத்தி வைத்தால் அதுவும் கருகும். கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் தேய்வதற்குப் பிளேட் அப்படி இல்லை, ஆனால் சூடு எல்லாம் ஆயிலில் இறங்கும். டி-யில் போட்டுவிட்டால் வளைவுக்கு வளைவு கியர் மேலும் கீழும் அலையும். எல் அல்லது மேனுவல் முறையில் வைத்து ஒரே கியரில் ஏறுங்கள், இறங்கும்போதும் அப்படியே. "ஆயுள் முழுவதும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்.

இந்த மாதிரி நம் ஊரில்தானா? வெளிநாட்டில் வேன்கள் நன்றாக ஓடுகின்றனவே?

அமெரிக்காவில் குடும்ப வேன்களின் கியர்பாக்ஸ் கதை நம்முடையதை விடப் பெரியது. கிரைஸ்லர் 1989இல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஒன்றைத் தன் வேன்களில் கொண்டுவந்தது. அதற்கென்று தனி ஆயில். ஆனால் சாதாரண ஆயிலும் ஊற்றலாம் என்கிற மாதிரி வண்டியிலேயே எழுதியிருந்ததால், பலர் அதை ஊற்றிப் பாழாக்கிக்கொண்டார்கள். ஹோண்டா 2004இல், ஒடிசி வேன் உட்பட சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரண்டாவது கியர் சூடேறி உடையக்கூடும் என்பது காரணம். சரிசெய்ய வைத்தது என்ன தெரியுமா? அந்த கியரின் மேல் ஆயில் பீய்ச்ச ஒரு சின்னக் குழாய். பெரிய பெரிய கம்பெனிகளும் தப்பு செய்கின்றன. அங்கே ஓட்டுகிறவனைப் பார்த்து "உன் கால் சரியில்லை" என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கனெக்டிகட் மாநிலம் 1982இலேயே, திரும்பத் திரும்பப் பழுதாகிற புது வண்டிக்கு மாற்று அல்லது பணம் என்று தனிச் சட்டம் போட்டது.

நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லையா?

வண்டிக்கென்று தனியாக அப்படி இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீலகிரிக்கு ஊட்டியில் இருக்கிறது. வண்டியைக் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தில் போடலாம் என்பது இந்தச் சட்டத்தில் வந்த பெரிய வசதி. விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பாருங்கள், சில நேரம் அதிலேயே கம்பெனி இறங்கி வந்துவிடும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: புது வண்டி. உச்ச நீதிமன்றம் 2006இல் ஒரு கார் வழக்கில், வாரன்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோதான், காரையே மாற்றித் தர அல்ல என்று சொல்லியிருக்கிறது. தயாரிப்புக் குறை என்று வாதாடினால் நிபுணர் அறிக்கை வேண்டும். என்னுடைய தட்டும் பாட்டிலும் பேச்சுவார்த்தைக்குப் போதும், ஆணையத்துக்குப் போதாது.

ஒரே மாதிரிப் பழுது பல வண்டிகளில் வந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் வந்த 110ஏ பிரிவின்படி, போதிய புகார்கள் சேர்ந்தால் அரசே அந்த மாடலைத் திரும்ப அழைக்கச் சொல்லலாம். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். அதனால் தெருவுக்குள் புலம்புவதோடு நிறுத்தாமல் ஆளுக்கொரு புகார் பதிவது நல்லது.

"ஓட்டும் முறை சரியில்லை" என்று சொல்லிவிட்டார்கள். என்ன பதில் சொல்வது?

"எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். எந்தப் பாகம், எப்படித் தேய்ந்தது, எந்த முறையால் தேய்ந்தது என்று கையெழுத்தோடு கேளுங்கள். நான் கேட்டபோது மேனேஜர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதே நேரம் நம் பக்கம் ஓட்டை இருக்கக்கூடாது. வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் சர்வீஸ் அட்டவணை இரண்டு இருக்கும், சாதாரணம் ஒன்று, கடினமான பயன்பாடு ஒன்று. மலைப்பாதை, அதிக பாரம், குளிரில் குறுகிய ஓட்டம் எல்லாம் இரண்டாவதில் வரும். ஆயில் மாற்ற வேண்டிய தூரம் அதில் பாதியாகக்கூட இருக்கலாம். நாம் நீலகிரியில் இருந்துகொண்டு முதல் அட்டவணையைப் பார்த்து சர்வீஸ் விடுகிறோம். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு நம்பரைப் பார்த்தும் சர்வீஸ் சென்டர் நமக்கு இதைச் சொல்வதில்லை. பழுதான பிறகு அதே பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

வெளி மெக்கானிக்கிடம் காட்டினால் வாரன்டி போய்விடுமா?

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்ட உத்தரவில், வெளியே பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்று சொன்னது. அது மேல்முறையீட்டுக்கும் போனது. நடைமுறையில், வாரன்டி இருக்கும்வரை வெளியே பார்க்கலாம், பிரிக்கக்கூடாது. ஆயில் வடித்துப் பார்ப்பதற்கும் கியர்பாக்ஸைத் திறப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பழைய வேன் வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

சமவெளியில் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கடிக்கிறதா, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் கியர் தடி துள்ளுகிறதா என்று பாருங்கள். நிற்கும் வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் பரவாயில்லை. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்து அவர் பிளேட்டைத் தீர்த்துவிட வேண்டாம்.

ஊட்டியிலிருந்து ஏழு பேரோடு கல்ஹட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாமா?

36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் இறங்க விடுவதில்லை. டிஎன் 43 என்று சொல்லி நீங்கள் போகலாம்தான். நான் ஒரு தடவை போனேன், முதல் கியரிலேயே. கீழே போய் நிறுத்தியபோது முன் சக்கரத்திலிருந்து வாடை வந்தது. கூடலூர் சுற்றிப் போங்கள், வழியில் பைக்காராவையும் பார்த்த மாதிரி இருக்கும்.